ஒரே வாசலில் இரண்டு நேர்த்திகள்

மார்கழி கழிந்து தை பிறந்து பத்து நாள்களாகியும் பனி அந்தச் சமவெளியை விட்டு அகலவில்லை. வைகறையில் வயலும் வரப்பும் ஒரே வெண்மையாய்க் கிடந்தன. அறுத்து நின்ற தாள்களின் நுனிதோறும் ஈரம் முத்துக் கோத்திருந்தது. பெரியாற்றுக் கால்வாய் ஒலியடங்கி ஓடிற்று. கிழக்கே அழகர்மலை உண்டோ இல்லையோ என்று ஐயுறும்படி மறைந்திருந்து, கதிர் ஏற ஏற முதலில் முடியையும் பிறகு தோளையும் கடைசியில் அடியையும் காட்டியது; தெய்வம் தன்னைச் சிறிது சிறிதாகவே அடியார்க்குக் காட்டும் என்பதுபோல. காளைகளின் ஆரவாரம் ஓய்ந்து அலங்காநல்லூர்ப் பக்கத்து ஊர்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. விளைந்தது வீடு வந்து சேர்ந்த மாதம். தெய்வத்துக்குச் சொன்ன சொல்லையெல்லாம் செலுத்தி முடித்துவிட வேண்டும் என்ற நினைப்பு மனிதருக்கு எழுவதும் அந்த மாதத்தில்தான்.

அன்னக்கொடியின் வீட்டிலும் அந்த நினைப்பு எழுந்திருந்தது. லோடு வண்டியின் பின்புறத்தில், விரித்த கோணிச் சாக்கின்மேல், அவள், தன் மகன் அருள்பாண்டியின் அருகே அமர்ந்து அழகர்கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். எதிரே அவள் கணவர் முத்திருளன், மஞ்சள் துணி சுற்றிய ஆளுயர அரிவாளை மடியில் கிடத்தியிருந்தார். மகன் கமாண்டோப் படையில் தேறினால் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு அரிவாள் சாத்துவதாக அவர் நேர்ந்திருந்தார். மகன் தேறிவிட்டான் என்றே ஊர் நம்பியது.

அன்னக்கொடியின் காலடியில் ஓர் ஒயர்க்கூடை இருந்தது. தேங்காய் பழத்துக்கு அடியில், எவரும் காணாதபடி, வாழையிலையில் பொதிந்த சந்தன உருண்டை ஒன்றை அவள் அதில் மறைத்து வைத்திருந்தாள். அது அவளுடைய நேர்த்தி. அதே தெய்வத்திடம், அதே வாசலில், மகன் தேறக் கூடாது என்று அவள் வேண்டியிருந்தாள்.

*

அருள்பாண்டி பட்டாளத்தில் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவனுக்குக் கிடைத்தது தளவாடக் கிடங்கு வேலை. உடுப்பு, கூடாரம், உதிரிப்பொருள் என்று வருவதை வாங்கி அடுக்கி, கேட்பவர்க்குக் கொடுத்து எழுதிவைக்கும் வேலை. ஊர் அதை 'ஸ்டோரு' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது.

பால் சொசைட்டியை ஒட்டிய டீக்கடையில் காலைதோறும் இதைப் பற்றிய வழக்கு நடக்கும். பால் ஊற்ற வரும் அன்னக்கொடியின் காதில் அத்தனையும் விழும். முத்திருளனின் அக்காள் மகன் விருமாண்டி அலங்காநல்லூரில் பிளக்ஸ் கடை வைத்திருப்பவன். பட்டாளத்தைக் கண்ணால் கண்டதில்லை என்றாலும் அதில் யார் உயர்ந்தவர், யார் தாழ்ந்தவர் என்பதற்கு அவனிடம் ஓர் ஏணி இருந்தது. உச்சியில் கமாண்டோ. அதற்குக் கீழே துப்பாக்கி ஏந்தி எல்லையில் நிற்பவன். பிறகு பீரங்கி, டாங்கி. அதற்கும் கீழே வண்டியோட்டி, சமையல்காரர். ஏணியைத் தரையில் பிடித்துக்கொண்டு நிற்பவன் தன் மாப்பிள்ளை அருள்பாண்டி.

பீரங்கிப் படையில் அவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற வெள்ளைத்துரைக்கு இது பொறுக்காது. ஒருநாள் அவர் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"பயிற்சி நீளம் வேற, மருவாதி நீளம் வேறடா. சுடுறவனைப் பழக்க ஒம்பது மாசம். ஆசுபத்திரியில கட்டுப் போடுறவனுக்கு அதுக்கு மேலயும் ஆகும். ரேடாரு ரிப்பேரு பாக்குறவன் வருசக்கணக்காப் படிக்கணும். ஆனா ஊருக்கு வந்தா எவனுக்கு மாலை போடுறீங்க?"

"மீசை வச்சவனுக்கு," என்றான் விருமாண்டி.

கடையே சிரித்தது. சமையல்காரர் ஒருநாள் கை தவறினால் எதிரி வராமலே ஒரு பட்டாளம் படுத்துவிடும் என்று வெள்ளைத்துரை மேலும் சொல்லிப் பார்த்தார். அதற்கும் சிரித்தார்கள். முத்திருளன் மட்டும் சிரிக்கவில்லை. பங்காளி வீட்டுப் பையன் காஷ்மீரிலிருந்து வந்தபோது தப்படித்து அழைத்துவந்த ஊர், தம் மகன் வந்தபோது "அங்க எண்ணி முடிச்சாச்சா?" என்று கேட்டது அவர் நெஞ்சில் முள்ளாய் நின்றது.

அதனால்தான், கமாண்டோத் தேர்வுக்குத் தானே முன்வந்து பெயர் கொடுத்திருப்பதாகச் சென்ற ஆனி மாதம் மகன் தொலைபேசியில் சொன்னபோது, அவர் அடுத்த வெள்ளிக்கிழமையே அழகர்கோவிலுக்குப் போய் அரிவாள் நேர்ந்துவிட்டு வந்தார். விருமாண்டி அதற்கும் ஒருபடி மேலே போனான். தேர்வு தொடங்கிய வாரமே பஸ் நிறுத்தத்தில் பத்தடிப் பிளக்ஸ் ஒன்று எழுந்தது. பனிமலையின் நடுவே பெரிய துப்பாக்கியுடன் அருள்பாண்டி. கீழே, 'எங்கள் மண்ணின் கமாண்டோ'. அந்தப் பிளக்ஸின் அடியில் முத்திருளன் நின்று எடுத்துக்கொண்ட படம் மகனுடைய கைப்பேசிக்கும் போயிற்று.

நூறு பேர் போனால் பத்துப் பேர்தான் அதில் தேறுவார்கள் என்று வெள்ளைத்துரை சொல்லியிருந்தார். தேறாத தொண்ணூறு பேரைப் பற்றி ஆண்கள் கேட்டார்கள். அன்னக்கொடி மட்டும் பால்கேனை மூடிக்கொண்டே, தேறிய அந்தப் பத்துப் பேருக்கு என்ன வேலை என்று கேட்டாள்.

"யாரும் போகாத எடத்துக்கு மொதல்ல போறது அவுங்கதேம்மா," என்றார் வெள்ளைத்துரை.

அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் திருமங்கலத்துப் பக்கம் ஓர் ஊருக்குக் கொடி போர்த்திய பெட்டி வந்ததை அவள் பார்த்திருந்தாள். பெட்டியைத் தொட்டுத் தடவிக்கொண்டே, "முகத்தைக் காட்டுங்கய்யா" என்று கேட்டுக்கொண்டிருந்த அந்தத் தாயின் குரல் அவள் செவியை விட்டுப் போனதில்லை. ஆடிப் பௌர்ணமியன்று ஊர்ப் பெண்களோடு ஷேர் ஆட்டோவில் அழகர்கோவிலுக்குப் போனாள். கருப்பன் சன்னிதிக் கதவுக்குச் சந்தனம் சாத்தும் நேரத்தில், கூட்ட நெரிசலில், உதடு மட்டும் அசைய வேண்டினாள்: கருப்பா, என் பிள்ளை அதில் தேறக் கூடாது. தேறாமல் முழுசாய் வந்தால் உன் கதவுக்குச் சந்தனம் சாத்துகிறேன். அதுவரை என் தலையில் பூ வைக்க மாட்டேன்.

மல்லிகை மணக்கும் மதுரைச் சீமையில் ஒரு சுமங்கலி வெறுந்தலையாய் நடப்பது கண்ணுக்குத் தப்பாது. பூவாசத்துக்குத் தலை நோகிறது என்று சொல்லிவைத்தாள். நாள் செல்லச்செல்ல வேறொரு நோவு அவளைப் பற்றியது. ஊரே வாழ்த்தி அனுப்பிய பிள்ளைக்குத் தோல்வி கேட்ட தாய் இவ்வுலகில் வேறு எவள் இருப்பாள்? வேண்டியது பலித்தால் மகனை வீழ்த்தியது தானே என்றாகும். பலிக்காவிட்டால் அந்தப் பெட்டி நினைவுக்கு வரும். இப்படியும் அப்படியுமாய் ஐந்து மாதம் போயிற்று. மகனோ எப்போது பேசினாலும், "பயிற்சியிலதேன் இருக்கேம்மா" என்று மட்டும் சொன்னான்; முத்திருளன் அதைத் தேறிவிட்டதாகவே எடுத்துக்கொண்டார்.

*

பொங்கலுக்கு முதல்நாள் அவன் வந்தான். மெலிந்திருந்தான், முகம் கறுத்திருந்தது. பஸ் நிறுத்தத்தில் வெயிலுக்கு வெளுத்துப்போன பிளக்ஸைச் சிறிது நேரம் அண்ணாந்து பார்த்தான்.

"கை யாரோடதுடா?" என்றான். துப்பாக்கி பிடித்திருந்த கைகள் மட்டும் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தன.

"அது எவனோ வெள்ளைக்காரன் கையி மாப்ள," என்றான் விருமாண்டி. "மூஞ்சி ஒன்னோடது. போதும்ல?"

வெள்ளைத்துரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: கமாண்டோவில் தேறியவர்க்குக் கொடுக்கும் செந்நிறத் தொப்பியைக் கொண்டுவந்தாயா? இல்லை என்று சொல்லிவிட்டு அருள்பாண்டி பேச்சை மாட்டுக்கு மாற்றினான். வெள்ளைத்துரை அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதை அன்னக்கொடி கவனித்தாள்.

மறுநாள் காலையில் அவள் கண்டது அவளை இன்னும் கலக்கியது. கொடியில் உலர்ந்த தகப்பனுடைய வேட்டியை மகன் எடுத்து மடித்துக்கொண்டிருந்தான். அப்படி ஒரு மடிப்பை அவள் பார்த்ததில்லை. விளிம்போடு விளிம்பு சேர்த்து, உள்ளே காற்று நில்லாதபடி உள்ளங்கையால் அழுத்தி, ஒவ்வொரு மடிப்புக்கும் உதட்டுக்குள் எண்ணி, முடித்தபின் முதல் மடிப்பிலிருந்து மறுபடியும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தான். வேட்டிக்கு இத்தனை வேலையா என்று கேட்டதற்கு, பழகிப்போயிற்று என்றான். அங்கே பட்ட பாட்டில் பிள்ளையின் மனத்தில் ஏதோ இழை அறுந்துவிட்டது என்றும், அறுத்தது தன் வேண்டுதல்தான் என்றும் அவள் முடிவுகட்டினாள்; வேண்டியது பலித்துவிட்டதென்று எண்ணியே கூடையில் சந்தனத்தை ஒளித்துவைத்தாள்.

*

கோட்டை வாசலுக்குள் வண்டி நின்றபோது பனி விலகி, மலை முழுதும் தெரிந்தது. வண்டியை ஓட்டிவந்த விருமாண்டியும் அவன் பக்கத்திலிருந்த வெள்ளைத்துரையும் இறங்கினார்கள். ஐவரும் கருப்பன் சன்னிதியை அடைந்தார்கள்.

அந்தச் சன்னிதியில் உருவம் கிடையாது. மூடிக்கிடக்கும் நெடுங்கதவே தெய்வம். சாத்திய சந்தனம் ஆண்டாண்டாய் அப்பிக் கிடக்கும் அந்தக் கதவின்முன் நின்று பொய் சொல்பவன் எங்கள் சீமையில் இல்லை. தீராத வழக்கெல்லாம் அங்கேதான் தீரும். மற்ற இடத்தில் நூறு சத்தியம் செய்பவனும் அந்த வாசலில் நா எழாமல் நின்றுவிடுவான்.

பூசாரி துணியை அவிழ்க்கச் சொல்லி அரிவாளைப் பார்த்தார். "யாரு பேருக்கு, எதுக்குன்னு வாயால சொல்லிக் குடுங்க," என்றார்.

முத்திருளன் அரிவாளை மகனின் இரு கைகளிலும் கிடத்தினார். "நீயே சொல்லுய்யா. தேறுனவன் நீ," என்றார். அந்தச் சொல்லைச் சொல்வதற்காகவே ஆறு ஆண்டு காத்திருந்தவர்போல், சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அருள்பாண்டி தன் பெயரைச் சொன்னான். ஊரைச் சொன்னான். பிறகு நின்றுவிட்டான். மரத்திலிருந்து குரங்கு ஒன்று இறங்கி, தேங்காய் மூடியைப் பொறுக்கிக்கொண்டு போயிற்று.

"இந்த வாசல்ல பொய் சொல்ல முடியலப்பா," என்றான். "நான் தேறல."

அவன் தலைநிமிராமலே மற்றதைச் சொன்னான். முதுகில் சுமையோடு நாற்பது கிலோமீட்டர் ஓடி முடிக்கவேண்டிய நாளில் பதினோரு நிமிடம் பிந்திவிட்டான். காலில் அடி இல்லை, காய்ச்சல் இல்லை, சொல்லிக்கொள்ளக் காரணம் ஒன்றும் இல்லை. முடியவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கே சொல்லியிருப்பான். ஆனால் கைப்பேசியைத் திறந்தால் பிளக்ஸின் அடியில் தகப்பன் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். அதன்பின் வேறொரு பிரிவில் ஆள் கேட்டார்கள், போனான். போன மாதம் அதில் பயிற்சி முடிந்தது. வீட்டுக்குச் சொல்லிவந்த பயிற்சி அதுதான்.

"என்ன வேலை?" என்றார் முத்திருளன்.

"பாராசூட் மடிக்கிறதுப்பா."

"சவுளிக்கடையில சேலை மடிப்பாங்களே, அதாட்டமா மாப்ள?" என்று விருமாண்டி வாய் தவறிக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அருள்பாண்டிக்கு அந்த நேரத்திலும் லேசாகச் சிரிப்பு வந்தது. "அதேதேன். சேலைய மாத்தி மடிச்சா கசங்கும். இத மாத்தி மடிச்சா ஆளு செத்துருவான்."

ஒவ்வொரு பாராசூட்டுக்கும் ஓர் அட்டை உண்டு என்றும், மடித்தவன் அதில் கையெழுத்திட வேண்டும் என்றும் அவன் சொன்னான். தானே மடித்ததை மாட்டிக்கொண்டு மூன்று முறை குதித்திருக்கிறான்; மடித்தவனுக்குத் தன் கைமேல் நம்பிக்கை உண்டா என்று பார்க்க அவனுடைய பிரிவில் அப்படி ஒரு வழக்கம். ஓட்டத்தில் தோற்றபோது நடுங்கிய கை, அந்த நீண்ட மேசையின்முன் நிற்கும்போது நடுங்குவதில்லை என்றான். இதைச் சொல்லும்போதுதான் அவன் தலை நிமிர்ந்தது.

அன்னக்கொடிக்கு வேட்டி நினைவுக்கு வந்தது. உதட்டுக்குள் எண்ணியதும், விரலால் தொட்டு வந்ததும் நினைவுக்கு வந்தன. இழை எதுவும் அறுந்திருக்கவில்லை. ஆனால் நிம்மதி முழுதாய் வருமுன்னே குற்றம் முந்திக்கொண்டது. கணவரின் முகம் சாம்பிப் போயிருந்தது. "பதினோரு நிமிசம்" என்று அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டிருந்தார். அவளால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. கூடையிலிருந்து இலைப்பொதியை எடுத்து இரு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"அவனை ஒண்ணும் சொல்லாதீக," என்றாள். "அவன் காலை இழுத்தது நாந்தேன். தேறக் கூடாதுன்னு இதே கதவுகிட்ட வேண்டுனேன். பூ வைக்காம இருக்கது அதுக்குத்தேன்."

முத்திருளன் அவளையே பார்த்தார். மனைவியின் வெறுந்தலையை அவர் அன்றுதான் கண்டவர்போல் இருந்தார்.

"ஒரே சாமிகிட்ட நான் ஒண்ணு கேக்க, நீ ஒண்ணு கேட்டியா புள்ள?"

"கேட்டேன்."

"சாமிய நல்லா இக்கட்டுல விட்டீக ரெண்டு பேரும்," என்றார் வெள்ளைத்துரை மெதுவாக.

அருள்பாண்டி அரிவாளைப் பூசாரியிடம் கொடுத்துவிட்டுத் தாயின் அருகே வந்தான். "எப்ப வேண்டுன?" என்று கேட்டான்.

"ஆடிப் பௌர்ணமி அன்னைக்கு. சந்தனம் சாத்துறப்ப."

அவன் கைப்பேசியை எடுத்து நாள்காட்டியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். பார்த்துவிட்டு இன்னொருமுறை பார்த்தான். மடித்ததை மறுபடி தொட்டுப் பார்க்கும் அதே முகம். பிறகு அவன் தோள் தளர்ந்தது.

"நான் தோத்தது ஆகஸ்ட் நாலாந்தேதிம்மா. பௌர்ணமிக்கு நாலு நாளு முந்தியே என்னைய வெளிய அனுப்பிட்டாங்க. நீ இங்க வேண்டிக்கிட்டு நிக்கையில நான் மெஸ்ல சப்பாத்தி தின்னுக்கிட்டு இருந்தேன்."

"நெசமாவாய்யா?"

"இந்த வாசல்ல நிண்டுக்கிட்டுப் பொய்யா சொல்லுவேன்?"

ஐந்து மாதமாய் நெஞ்சின்மேல் கிடந்த அம்மி புரண்டு விழுந்தாற்போல் இருந்தது அவளுக்கு. அழுகையும் சிரிப்பும் ஒருசேர வர, அப்படியே படியோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மகனை அவள் வீழ்த்தவில்லை. அவன் தன் காலால் ஓடி, தன் காலால் பிந்தி, தன் கையால் வேறொன்றைப் பற்றி எழுந்திருக்கிறான். முழுசாய் எதிரே நிற்கிறான்.

முத்திருளனும் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மகனைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப அந்தக் கமாண்டோக்காரங்க குதிக்கையில..."

"அவுங்க முதுகுல இருக்க அட்டையில நம்ம கையெழுத்துதேன்ப்பா."

அவர் அதை உடனே நம்பி மகிழ்ந்துவிடவில்லை. மனத்துக்குள் அந்த ஏணியை ஒருமுறை நிமிர்த்தியும் சாய்த்தும் வைத்துப் பார்த்தவர்போல் இருந்தார். அதன்பின் எழுந்து, தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பூசாரியின் கையிலிருந்த அரிவாளைத் தாமே வாங்கினார். நேர்ந்தது நடக்காதபோது சாத்தலாமா என்று பூசாரியைக் கேட்டார். வாசல்வரை கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டாம், மனமொப்பிச் சாத்துங்கள் என்றார் பூசாரி.

"கேட்டதுக்கு இல்ல சாமி," என்று கதவைப் பார்த்துச் சொன்னார் முத்திருளன். "பிள்ளை முழுசா வந்து நிக்கான்ல, அதுக்கு." அரிவாளைச் சுவரோரம் நிற்கும் மற்ற அரிவாள்களோடு சாய்த்தார். திரும்பி விருமாண்டியிடம், பிளக்ஸை இன்றே அவிழ்த்துவிடச் சொன்னார்.

"வேற ஒண்ணு அடிச்சுருவோம் மாமா," என்றான் அவன்.

"அடிச்சா, கை அவன் கையா இருக்கட்டும்டா," என்றார் வெள்ளைத்துரை.

அன்னக்கொடியின் பொதி மட்டும் மீதி இருந்தது. வேண்டுமுன்பே நடந்து முடிந்த காரியத்துக்கு நேர்த்திக்கடன் ஏது என்று விருமாண்டி கேட்டான். கேட்டபின் கொடுக்கும் தெய்வத்துக்கு ஒரு பங்கென்றால், கேட்குமுன்னே கொடுத்துவிட்டுச் சும்மா நிற்கும் தெய்வத்துக்கு இரண்டு பங்கு சாத்தவேண்டும் என்று சொல்லிக்கொண்டே அவள் எழுந்தாள். வாழையிலையைப் பிரித்தாள். சந்தனம் வழியில் வெயில் படாமல் குளிர்ந்தே இருந்தது. பூசாரி அதை வாங்கிக் குழைத்து, நெடுங்கதவின்மேல் பழைய சந்தனத்தின்மீது புதிதாய்ப் பூசினார். அவள் தரையில் நெற்றி பட விழுந்தாள். ஒன்றும் வேண்டவில்லை. ஐந்து மாதத்தில் முதன்முறையாக, கேட்பதற்கு எதுவும் இல்லாமல் அந்த வாசலில் கிடந்தாள்.

எழுந்தபோது பூசாரி ஒரு முழம் மல்லிகையை நீட்டினார். முத்திருளன் அதை வாங்கி, அவள் கொண்டையில் தாமே கோணல்மாணலாய்ச் சூட்டிவிட்டார்.

இலையில் ஒட்டியிருந்த மிச்சச் சந்தனத்தை அவள் விரலில் எடுத்தாள். மகன் குனிந்தான். நெற்றியில் இட்டாள்; பிறகு என்ன நினைத்தாளோ, அவன் இரு கைகளையும் பற்றி விரித்து, உள்ளங்கைகளிலும் இட்டாள்.

"நீ மடிச்சதெல்லாம் விரியணும்யா," என்றாள். "ஒன்னைய நம்பிக் குதிக்கிறவுக அம்புட்டுப் பேரும் தரையில காலூன்றி, அவுகவுக ஆத்தாகிட்டப் போய்ச் சேரணும். நல்லாயிரு."